புதுப் பவர் வீடரைப் பூட்டி நிலத்தில் இறக்குதல்

கயிற்றை இழுக்கும் முன் எண்ணெய் ஊற்றுங்கள். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெட்டியில் வரும் புது இயந்திரத்தின் என்ஜினுக்குள் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது. ஏற்றி இறக்கும்போது சாய்ந்தால் கொட்டிவிடும் என்பதால் வடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதை அறியாமல் ஓடவிட்டால் பிஸ்டனும் சிலிண்டரும் உரசி, சில நிமிடங்களிலேயே என்ஜின் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேதத்தை வாரண்டி ஏற்காது.

நம் ஊர்த் தோட்டங்களில் அதிகம் புழங்கும் 7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என்ஜின் 200 சிசியை ஒட்டி இருக்கும். சக்கரத்துக்குப் பதில் கத்திகளே சுழன்று மண்ணைக் கொத்திக்கொண்டு வண்டியை முன்னே நகர்த்தும். காய்கறிப் பாத்தி, வாழை வரிசை, தென்னைக்கு இடைப்பட்ட நிலம் எல்லாவற்றுக்கும் இது போதும். மினி டில்லர் என்று விற்கப்படுவனவும் ஏறத்தாழ இதே அமைப்புதான்.

கடைக்காரர் தானே பூட்டித் தருகிறேன் என்பார். தரட்டும், ஆனால் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் நீங்களே பூட்டுங்கள். எந்த நட் எங்கே இருக்கிறது, எந்தக் கேபிள் எதை இழுக்கிறது என்பது அப்போதுதான் கைக்குப் பழகும். பிறகு தோப்பின் நடுவில் ஒரு கேபிள் நழுவினால் மெக்கானிக் வரும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டியிருக்காது.

## கையில் இருக்க வேண்டியவை

வேலைக்குச் சமமான சிமெண்ட் தரையும் நிழலும் காற்றோட்டமும் வேண்டும். மண் தரையில் உட்கார்ந்தால் வாஷர் காணாமல் போகும், எண்ணெய் மட்டமும் தப்பாகக் காட்டும். இன்னொருவர் கூட இருக்கட்டும். இது ஒருவர் தனியாகத் தூக்கும் எடை அல்ல.

- 8 முதல் 19 வரையிலான ஸ்பேனர்கள். 12-13, 14-15, 16-17 மூன்றும்தான் அதிகம் தேவைப்படும்
- கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், இயந்திரத்தோடு வரும் பிளக் ஸ்பேனர்
- கையேட்டில் சொன்ன தரத்தில் என்ஜின் ஆயில், கியர் ஆயில்
- இரண்டு புனல்கள். எண்ணெய்க்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று
- முட்டுக் கொடுக்க நான்கைந்து மரக்கட்டைகள்
- தோல் கையுறை, பழைய துணி, நட் போல்ட் போட்டுவைக்க ஒரு தட்டு

பெட்ரோலை இன்னும் வாங்க வேண்டாம். டாங்கி காலியாக இருக்கும்வரை தெரியாத்தனமாக யாரும் கயிற்றை இழுத்து ஓட்டிவிட முடியாது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

## பெட்டியைப் பிரித்தல்

1. அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி பெட்டியை நிறுத்துங்கள். அட்டையை அறுக்கும்போது கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். கேபிளின் மேலுறை கிழிந்தால் ஒரு மழைக்காலத்திலேயே உள்ளே துருப்பிடித்து இழுவை இறுகிவிடும்.
2. சில்லறைச் சாமான்களை முதலில் எடுத்து ஒரு சாக்கின் மேல் வரிசையாகப் பரப்புங்கள். என்ஜினையும் கியர் பாக்ஸையும் இருவராகச் சேர்ந்து கடைசியில் வெளியே எடுங்கள். சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ பிடித்துத் தூக்கக் கூடாது. இரும்புச் சட்டத்தைப் பிடியுங்கள்.
3. கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். கத்திச் செட்டுகள், இடம் வலம் மட்கார்டுகள், ஹேண்டில், ஆழக் கம்பி, முன் சக்கரம், பின்கள். குறைந்திருந்தால் அன்றே கடைக்குச் சொல்லிவிடுங்கள்.
4. என்ஜினில் பொறித்திருக்கும் எண்ணைப் பில்லோடும் வாரண்டி அட்டையோடும் சரிபாருங்கள். மானியத்தில் வாங்கிய இயந்திரம் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

நட் போல்ட்டுகள் சிறுசிறு பைகளில் வரும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டாதீர்கள். எந்தப் பை எந்த உறுப்போடு கட்டியிருந்ததோ அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

## பூட்டும் வரிசை

முதலில் ஹேண்டில், பிறகு கேபிள்கள், பிறகு எண்ணெய், பிறகு என்ஜினை ஓட்டிப் பார்ப்பது, கடைசியில்தான் கத்தி. பல பேர் கத்தியை முதலில் மாட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் வண்டி நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் கிளட்ச் கேபிள் சரியாக அமைந்திருக்கிறதா என்று தெரியாத நிலையில் கத்தியோடு என்ஜினை ஓட்டுவது ஆபத்து. கேபிள் இறுக்கமாக இருந்தால் ஸ்டார்ட் ஆன உடனே கத்தி சுழலும், வண்டி உங்கள் கையை விட்டுப் பாயும். அதனால் மரக்கட்டைகளைச் சட்டத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் அடியில் கொடுத்து, ஆடாமல் நிறுத்திக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஹேண்டில்

1. ஹேண்டிலின் அடியிலும் அது பொருந்தும் இடத்திலும் பல் பல்லாக வெட்டிய வட்டத் தட்டு இருக்கும். இரண்டு பல் வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்த பிறகு மட்டுமே இறுக்குங்கள். பல்லின் மேல் பல் ஏறிய நிலையில் இறுக்கினால் அப்போதைக்கு நிற்கும். நிலத்தில் இரண்டு முறை குதித்ததும் ஹேண்டில் சரிந்துவிடும், பல்லும் மழுங்கிவிடும்.
2. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் திருகி உட்கார வையுங்கள். ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஓட்டைகள் நேராக வராது. எல்லாம் நேராக வந்த பிறகு மாற்றி மாற்றி முறுக்குங்கள்.
3. ஸ்பிரிங் வாஷரை விட்டுவிடாதீர்கள். இந்த இயந்திரத்தின் அதிர்வில் வாஷர் இல்லாத நட் தானாகக் கழன்றுவிடும்.

உயரத்தைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும்.

கேபிள்கள்

பெரும்பாலும் மூன்று இருக்கும்: ஆக்சிலேட்டர், முன்னோக்கி ஓட்டும் கிளட்ச், ரிவர்ஸ். சில வண்டிகளில் ரிவர்ஸுக்குத் தனிக் கேபிள் கிடையாது, கியர் குச்சியே அதைச் செய்யும்.

கிளட்ச் லீவரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கத்தி சுழலும், விட்டால் நின்றுவிடும். மற்றதில் மோட்டார் சைக்கிள் போல, அழுத்தினால் ஓட்டம் விலகும், விட்டால் கத்தி சுழலும். உங்களுடையது எந்த வகை என்பதை இப்போதே கையேட்டில் பார்த்துவிடுங்கள். வேறொருவரின் வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பதற்றத்தில் கை பழைய பழக்கத்தைத்தான் செய்யும்.

1. கேபிளை மாட்டும்போது அது எங்கும் கூர்மையாக மடங்காமல் வளைந்து போகட்டும். சைலன்சரைத் தொடக் கூடாது. சட்டத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டையால் கட்டுங்கள்.
2. ஹேண்டிலைக் கடைசிவரை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் கேபிள் இழுபடக் கூடாது.
3. லீவரின் தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்க வேண்டும். கேபிளின் நுனியில் உள்ள அட்ஜஸ்டரைத் திருகி இதை அமைத்து, அதன் லாக் நட்டை இறுக்குங்கள்.
4. லீவரை விட்டதும் அது பட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பாருங்கள்.

பெல்ட் வைத்த வண்டியில், அழுத்தினால் ஓடும் வகை லீவராக இருந்தால், வெற்று அசைவே இல்லாதபோது பெல்ட் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும், அச்சு மெல்லச் சுழலும். அசைவு மிகுந்துவிட்டால் பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகும் வாசனை வரும். வாசனை வந்தால் உடனே நிறுத்திக் கேபிளைப் பாருங்கள். புதுப் பெல்ட் கருகுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

## எண்ணெய்: மூன்று இடங்கள்

என்ஜின் ஆயில் ஒன்றை மட்டும் ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

என்ஜின். இந்த அளவு என்ஜின்களுக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர் போதும். பலரும் அறிந்த ஹோண்டா ஜிஎக்ஸ்200 என்ஜின் 196 சிசி. அதன் கொள்ளளவும் 0.6 லிட்டர்தான். கடையில் கிடைப்பதோ 1 லிட்டர் டப்பா. வாங்கிய டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணெய் மிகுந்தால் அது ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும், வெள்ளைப் புகை வரும், பிளக் நனைந்து என்ஜின் அடைத்துக்கொள்ளும். தரத்தைப் பொறுத்தவரை 10டபிள்யூ-30 என்று பல கையேடுகள் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே வாங்குங்கள். இது நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கக் கூடாது. பழைய தெளிப்பான் ஓட்டியவர்கள் பழக்கத்தில் கலந்துவிடுவார்கள், கவனம்.

1. தரை சமமாக இருந்தால் மட்டும் போதாது, என்ஜின் சமமாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திய பவர் வீடர் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். கட்டைகளை நகர்த்தி என்ஜினின் அடித்தட்டை மட்டமாக்குங்கள். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள்.
2. மூடியைச் சுற்றித் துடைத்த பிறகு திறங்கள். ஒரு மணல் துகள்கூட உள்ளே விழக் கூடாது.
3. அரை லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்துச் செருகிப் பாருங்கள். இந்த வகை என்ஜின் பலவற்றில் குச்சியைத் திருகாமல் வெறுமனே செருகித்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் காட்டும்.
4. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் குறிவரை கொண்டுவாருங்கள். பல என்ஜின்களில் மேல் குறி என்பது ஊற்றும் துளையின் கீழ் விளிம்பேதான். எண்ணெய் அந்த விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும்.

கியர் பாக்ஸ். இதில் எண்ணெய் நிரப்பித்தான் வந்திருக்கிறது என்று கடையில் சொன்னாலும் நம்பி விட்டுவிடாமல் பாருங்கள். கியர் பாக்ஸின் பக்கவாட்டில் மட்டம் பார்க்கும் திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் லேசாகக் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் மேல் துளை வழியாகக் கசியும்வரை ஊற்றி மூடுங்கள். இதற்கு 80டபிள்யூ-90 அல்லது 90 என்று குறித்த கெட்டியான கியர் ஆயில் வரும். என்ஜினோடு ஒரே எண்ணெயில் ஓடும் கியர் பாக்ஸும் சிலவற்றில் உண்டு என்பதால், வாங்கும் முன் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். கியர் ஆயில் மெல்லத்தான் இறங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் வழிந்து, நிரம்பிவிட்டது என்று தோன்றும்.

ஏர் ஃபில்டர். புழுதியில் ஓட்டுவதற்கென்று வரும் பல வண்டிகளில் ஃபில்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் குறித்த கோடுவரை என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டும். உள்ளே வரும் தூசி அந்த எண்ணெயில் படிந்துவிடும். இந்தக் கிண்ணத்தைத் திறந்தே பார்க்காமல் ஒரு பருவம் முழுவதும் ஓட்டிவிட்டு, என்ஜின் சக்தி இழந்துவிட்டது என்று கொண்டுவருபவர்கள் உண்டு. கோடையில் செம்மண் புழுதி எவ்வளவு நுண்மையானது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையும் சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கும். கிண்ணம் இல்லாமல் வெறும் பஞ்சு ஃபில்டர் இருந்தால் அது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்ணெய் ஊற்றிய பிறகு வண்டியை இஷ்டத்துக்குச் சாய்க்கக் கூடாது. அடிப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படி சாய்த்துப் பாருங்கள்.

## முதல் ஸ்டார்ட்

இப்போது பெட்ரோல் வாங்கலாம். தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள். யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிடக் கூடும். எரிபொருளுக்கான மூடி இறுகும் கேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டாங்கியை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். சிந்தினால் துடைத்து, ஆவி கலையும்வரை காத்திருங்கள். ஊற்றும் இடத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

என்ஜினை ஒருபோதும் மூடிய அறையில் ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம், வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

1. வண்டி கட்டையின் மேல் உறுதியாக நிற்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். இன்னொருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். வெறும் அச்சும் சுழலக்கூடியதுதான் என்பதால் இருவரின் ஆடையும் அதனருகே வரக் கூடாது.
2. கியரை நியூட்ரலில் வையுங்கள். அழுத்தினால் ஓடும் வகை என்றால் கிளட்ச் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.
3. பெட்ரோல் காக்கைத் திறங்கள். சுவிட்சை ஆன் செய்யுங்கள்.
4. சோக்கை மூடுங்கள். ஆக்சிலேட்டரை மூன்றில் ஒரு பங்கு திறங்கள்.
5. கயிற்றை மெல்ல இழுங்கள். ஓரிடத்தில் இறுக்கம் தட்டும். அங்கிருந்து ஒரே மூச்சில் வேகமாக இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுத்த பிறகு விட்டெறியாமல் கையோடு கொண்டுபோய் உள்ளே விடுங்கள்.
6. ஓடத் தொடங்கியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். நம் வெயிலில் சோக் அதிக நேரம் தேவைப்படாது. சூடான என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சோக் வேண்டியதே இல்லை. அப்போதும் மூடினால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனையும்.
7. ஐந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு எங்காவது எண்ணெயோ பெட்ரோலோ கசிகிறதா என்று பாருங்கள்.
8. நியூட்ரலில் அச்சு அசையாமல் நிற்க வேண்டும். பிறகு முதல் கியர் போட்டு லீவரைச் சோதியுங்கள். ஓட வேண்டிய நிலையில் அச்சு ஓட வேண்டும், விலக்கியதும் நிற்க வேண்டும். ரிவர்ஸையும் அப்படியே பாருங்கள். விலக்கிய பிறகும் அச்சு சுழன்றுகொண்டே இருந்தால் என்ஜினை அணைத்துக் கேபிளைத் திருத்துங்கள். இது சரியாகும்வரை கத்தியைத் தொடாதீர்கள்.
9. அணைத்து, சற்று ஆறிய பிறகு என்ஜின் ஆயிலை மறுபடி அளந்து குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

எத்தனை இழுத்தும் ஓடவில்லையா? சுவிட்ச், பெட்ரோல் காக், சோக் என்று இந்த வரிசையில் பாருங்கள். அடுத்தது எண்ணெய் மட்டம். பல என்ஜின்களில் எண்ணெய் குறைந்தால் மின்பொறியைத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. என்ஜின் சாய்ந்து நின்றாலும் அது வேலைசெய்துவிடும், எனவே மட்டமாக நிறுத்தித் திரும்ப இழுத்துப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்துவைத்து இழுங்கள். பிளக் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருப்பது இந்த வகை என்ஜின்களுக்கு வழக்கம்.

## கத்தி மாட்டுதல்

என்ஜின் அணைந்திருந்தாலும் பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டே கத்திப் பக்கம் கை கொண்டுபோங்கள். இன்றைக்கு மட்டும் அல்ல, பின்னால் புல் சுற்றிக்கொண்டதை எடுக்கும்போதும் இதே விதிதான்.

கத்திச் செட்டுகளில் இடம், வலம் என்று உண்டு. குறியீடு அழிந்திருந்தால் இப்படிக் கண்டுபிடியுங்கள். ஹேண்டிலுக்குப் பின்னால், ஓட்டுபவர் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். வண்டி முன்னே போகும்போது அச்சுக்கு மேலே உள்ள கத்தி முன்னோக்கி நகர்ந்து, முன்பக்கத்தில் கீழிறங்கி மண்ணை வெட்டும். ஆக, அச்சுக்கு மேலே நிற்கும் கத்தியின் கூர்முனை முன்னோக்கியும், முன்பக்கம் நிற்கும் கத்தியின் கூர்முனை கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். மாறி மாட்டினால் கத்தியின் முதுகு மண்ணில் அறையும். வண்டி உழாமல் குதிக்கும், ஓட்டுபவரின் தோள் கழன்றுவிடும் போல இருக்கும். மண் கெட்டி என்று பழியை நிலத்தின்மேல் போட்டுவிட்டு அன்று முழுவதும் அப்படியே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. அச்சில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். ஒரு வருடம் கழித்துக் கழற்றும்போது இதன் அருமை தெரியும்.
2. முதலில் உள்செட், பிறகு வெளிச்செட். அடுத்தடுத்த செட்டுகளின் கத்திகள் ஒரே கோட்டில் நிற்காமல் விலகி நிற்கட்டும். எல்லாக் கத்தியும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கினால் வண்டி துள்ளும்.
3. ஓட்டைகள் நேரானதும் பின்னைச் செருகி லாக் கிளிப் போடுங்கள். பின்னுக்குப் பதில் ஆணியையோ கம்பித் துண்டையோ செருகக் கூடாது. பின் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி டூல் பையில் வையுங்கள்.
4. வெளி விளிம்பில் வட்டத் தகடு இருந்தால் அதையும் மாட்டுங்கள். செடியின் இலையும் தண்டும் கத்தியில் சிக்காமல் அது ஒதுக்கிவிடும்.
5. மட்கார்டு இரண்டையும் மாட்டுங்கள். மண் ஒட்டுகிறது, எடை கூடுகிறது என்று மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது ஊரெங்கும் நடக்கிறது. கத்தியிலிருந்து தெறிக்கும் கல்லுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். அதைக் கழற்றாதீர்கள்.

புது வண்டிக்கு எல்லாச் செட்டையும் மாட்ட வேண்டியதில்லை. வரிசை குறுகலான கத்தரி, மிளகாய்க்கு வெளிச்செட்டை விட்டுவிட்டால் அகலம் குறையும். முதல் தடவை ஓட்டுபவருக்கும் குறுகலாக இருப்பதே கைக்கு அடங்கும்.

## ஆழக் கம்பியும் ஹேண்டில் உயரமும்

வண்டியின் பின்னால் மண்ணில் ஊன்றி இழுபட்டு வரும் கம்பிதான் ஆழக் கம்பி. கத்தி வண்டியை முன்னே இழுக்கப் பார்க்கும். இந்தக் கம்பி பிடித்து நிறுத்தப் பார்க்கும். பிடி கூடினால் கத்தி ஒரே இடத்தில் அதிக நேரம் கொத்தி ஆழமாகப் போகும். அதனால் கம்பியை இறக்கினால் ஆழம் கூடும், ஏற்றினால் வண்டி வேகமாக ஓடும். கம்பி தேவையில்லை என்று கழற்றி ஓட்டினால் கெட்டி நிலத்தில் வண்டி கையை இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

முதல் நாள் நடு ஓட்டையில் வையுங்கள். ஓட்டும்போது ஹேண்டிலை லேசாக அழுத்தினால் கம்பி ஊன்றி வண்டி நிதானப்படும். லேசாகத் தூக்கினால் முன்னே போகும். வேகத்தை இப்படித்தான் கையால் ஆள வேண்டும், முன்பக்கம் தள்ளக் கூடாது.

ஹேண்டிலின் உயரத்தைக் கத்தி மாட்டிய பிறகு, செருப்பு அல்லது பூட்ஸ் போட்டுக்கொண்டு, வேலைசெய்யும் மண்ணில் நின்று பாருங்கள். பிடி இடுப்பளவில் இருந்து முழங்கை சற்று மடங்கியிருந்தால் சரி. கத்தி மண்ணுக்குள் இறங்கியதும் ஹேண்டிலும் தாழும் என்பதால் ஒரு பல் மேலே வைப்பது நல்லது.

முன் சக்கரம் வீட்டிலிருந்து தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகத்தான். உழும்போது அதைத் தூக்கி மாட்டிவிடுங்கள். கத்தியைச் சுழலவிட்டுச் சிமெண்டிலும் தார்ச்சாலையிலும் ஓட்டிச் செல்லக் கூடாது.

## நிலத்தில் இறக்கும் நாள்

மண்ணின் பதம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் பதம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் நீர் பாய்ச்சி, மண் வகைக்கேற்ப ஓரிரு நாள் ஆறவிடுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் பொறுங்கள். கரிசலில் இந்தப் பொறுமை கட்டாயம். ஈரக் கரிசல் கத்தியைச் சுற்றி அப்பிக்கொள்ளும், உழுத இடம் காய்ந்ததும் பாளம் பாளமாக இறுகும்.

தடைகளை எடுத்தல். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். கத்தியில் ஒரு லேட்டரல் சிக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மீட்டர் சுற்றிக்கொள்ளும். நைலான் கயிறு, சாக்குச் சணல், பழைய கம்பி, தென்னை மட்டை, கல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மண்ணுக்கடியில் போகும் மெயின் பைப்பும் மோட்டார் கேபிளும் எங்கே என்று தெரியாமல் உழவே கூடாது. குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

உடை. வேட்டி, லுங்கி, தொங்கும் துப்பட்டா, தோள் துண்டு எதுவும் வேண்டாம். புடவை கட்டியவர்கள் மேலே சட்டை போட்டு முந்தானையை இறுகச் செருகினாலும் கால் பக்கம் ஆபத்து இருக்கிறது. பேன்ட் அணிவதே பாதுகாப்பு. காலுக்குக் கெட்டியான பூட்ஸ், காதுக்கு அடைப்பான்.

முதல் ஓட்டம்

1. செடி இல்லாத, சமமான காலி இடத்தில் தொடங்குங்கள். 20 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள் இருக்கட்டும்.
2. முதல் கியர், பாதி ஆக்சிலேட்டர், குறைந்த ஆழம். ஒரே தடவையில் ஆழமாகப் போகப் பார்க்காதீர்கள். மேலோட்டமாக ஒரு சால், பிறகு குறுக்கே ஒரு சால் என்று போனால் மண்ணும் பொடியாகும், என்ஜினுக்கும் பாரம் ஏறாது.
3. ஹேண்டிலுக்கு நேர் பின்னால் நடக்காமல் ஒரு பக்கமாக விலகி, உழாத தரையில் நடந்தால் கால் புதையாது. ஹேண்டில் பக்கவாட்டில் திரும்பும் வசதி இதற்குத்தான்.
4. திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, கம்பியை மண்ணிலிருந்து தூக்கித் திருப்புங்கள்.
5. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சுற்றிய அருகையும் கோரையையும் அறுத்தெடுங்கள். கத்திக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் போய் இறுகும் புல் ஆயில் சீலைக் கிழித்துவிடும்.

ரிவர்ஸ். இந்த இயந்திரத்தில் மிக ஆபத்தான வேலை பின்னோக்கி எடுப்பது. வண்டி உங்களை நோக்கி வருகிறது. பின்னால் மரமோ சுவரோ வரப்போ இருந்தால் ஹேண்டில் மார்பில் முட்டும், தடுமாறி விழுந்தால் கால் கத்திக்கு அடியில் இருக்கும். ரிவர்ஸ் போடும் முன் ஆக்சிலேட்டரை முழுதாகக் குறையுங்கள், திரும்பிப் பாருங்கள், இரண்டு அடிக்கு மேல் பின்னால் போகாதீர்கள். தென்னையின் அருகிலோ மதிலோரத்திலோ ரிவர்ஸே போடாதீர்கள். வண்டியை அணைத்து இருவராகத் திருப்பி வையுங்கள். ரிவர்ஸில் உழுவது எந்த நிலத்திலும் வேண்டாம்.

வேர். தென்னையின் ஊட்டம் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கிறது. உரம் வைக்கும் வட்டப்பாத்தியின் 1.8 மீட்டர் அளவும் அதனால்தான். அந்த வட்டத்துக்குள் ஆழமாக உழாமல் களை போகுமளவு மேலாகக் கீறினால் போதும். வாழை வேரும் மேலேயே படர்வதால் கன்றை ஒட்டிப் போகாதீர்கள். கோரை மண்டிய நிலத்தில் ஒரு முறை மட்டும் உழுதுவிட்டு விடுவது களையை நட்டுவைப்பதற்குச் சமம். கிழங்கு உடைந்து பரவும். வெளியே வந்த கிழங்கைப் பொறுக்கிவிட்டு, வெயிலில் காயவிட்டு, திரும்ப முளைத்ததும் மறுபடி உழ வேண்டும்.

## முதல் 20 மணி நேரம்

முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் எல்லா நட் போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட், ஹேண்டில், சைலன்சர் மூன்றும் முக்கியம். புதுக் கேபிள் கொஞ்சம் நீளும் என்பதால் கிளட்ச் லீவரின் அசைவையும் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும்.

முதல் சில நாள் முழு ஆக்சிலேட்டரில் தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜின் ஆயில் பாருங்கள். புழுதி நாளில் ஏர் ஃபில்டரை அன்றன்றே திறந்து பாருங்கள். கிண்ணத்து எண்ணெய் குழம்பாகிவிட்டிருந்தால் மாற்றுங்கள்.

பங்க்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். கார்பரேட்டரில் தேங்கினால் துருவும் பிசினும் சேரும். அடுத்த பருவம்வரை வண்டி நிற்கப்போகிறது என்றால் டாங்கியை வடித்துவிட்டு, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். ஓரிரு வார இடைவெளிக்குக் காக்கை மூடிவிட்டு அதேபோல ஓடவிட்டு அணைத்தால் போதும்.

முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், அல்லது ஒரு மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது. புது என்ஜினின் உள் உறுப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்போது உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் அந்த எண்ணெயில்தான் மிதக்கின்றன. எண்ணெய் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று தள்ளிப்போடக் கூடாது. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் துகளும் சேர்ந்து வரும். அதற்குப் பிறகு 100 மணி நேரம் அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் சரி. ஓடிய நேரத்தைக் குறிக்க ஒரு சின்ன நோட்டை டூல் பையிலேயே வையுங்கள். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.